எரிபொருளும் அநர்த்த தண்டமும்

இல்லறத்தார்க்கு நம் ஆசாரியப் பெருமக்கள் வகுத்தளித்த பன்னிரு விரதங்களுள், வாயால் ஓதப்பட்டும் மனத்தால் அதிகம் எண்ணப்படாமலும் இருப்பது அநர்த்த தண்ட விரதமே எனலாம். அணுவிரதங்கள் ஐந்தையும் நம் வீட்டுச் சிறுவரும் தடையின்றிச் சொல்வர். குணவிரதங்கள் மூன்று என்று தொடங்கும்போது சற்றே தயக்கம் வரும். 'அநர்த்தம்' என்றால் பயனின்மை, 'தண்டம்' என்றால் உயிர்கட்குத் துன்பம் விளைக்கும் மன மொழி மெய்களின் செயல் என்று பொருள் கூறிவிட்டு நாமும் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம்.

சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரம் இவ்விரதத்தை மிக நுட்பமாக விளக்குகின்றது. பயனற்ற தீச்செயல்களை அது ஐந்தாகப் பகுக்கின்றது. பாவோபதேசம், இம்சாதானம், அபத்தியானம், துச்சுருதி என்னும் நான்கும் ஒருபுறம் இருக்கட்டும். ஐந்தாவதான பிரமாத சரியை என்பது யாது? நிலத்தையும் நீரையும் தீயையும் காற்றையும் ஒரு பயனுமின்றிக் கலக்குதல், செடிகொடிகளை வீணே வெட்டுதல், காரணமின்றித் திரிதல், பிறரையும் அவ்வாறு திரியச் செய்தல் ஆகியன அதனுள் அடங்கும். மோட்டார் வாகனம் என்பதைக் கனவிலும் காணாத காலத்தில் எழுதப்பட்ட விளக்கம் இது. எனினும் தீ, காற்று, திரிதல், திரியச் செய்தல் என்னும் சொற்களை நிறுத்திப் படித்தால், நம் வீட்டு வாசலில் நிற்கும் கார் அப்படியே கண்முன் வருகின்றது அன்றோ?

உடனே ஒரு மறுப்பு எழும். தீக்காய உயிர்களும் காற்றுக்காய உயிர்களும் ஓரறிவுயிர்கள். இயங்கும் உயிர்களை மனமறிந்து கொல்லாமையே இல்லறத்தார்க்குரிய அணுவிரதம். அடுப்பெரிப்பதும் விளக்கேற்றுவதும் தவிர்க்க இயலாத ஆரம்ப இம்சை. அவ்வாறிருக்க, காரில் எரியும் பெட்ரோலைப் பற்றி மட்டும் ஏன் கவலை என்பர். மறுப்பு நியாயமானதே. ஆனால் தவிர்க்க இயலாதது என்று நாம் விலக்குப் பெற்ற இடத்தில்தான் அநர்த்த தண்ட விரதம் நுழைகின்றது. அடுப்பெரிக்க உனக்கு இசைவு உண்டு, சமைத்து முடித்த பின்னும் அதை எரியவிட உண்டோ என்று அது கேட்கின்றது. ஆகவே காரைப் பொறுத்தவரை நாம் ஆராய வேண்டியது, எரியும் எரிபொருளில் எவ்வளவு பயனுக்காக எரிகின்றது, எவ்வளவு வீணே எரிகின்றது என்பதையே.

முதலில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு என்ன நேர்கின்றது என்று பார்ப்போம். அது முழுமையாக எரிய, எடையில் தன்னைப்போல் ஏறத்தாழ பதினைந்து மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அதற்கு வேண்டிய காற்று சுமார் 11 கிலோ. கொள்ளளவில் ஏறத்தாழ 9,000 லிட்டர். ஒரு மனிதர் ஒரு பகலும் ஓர் இரவும் சுவாசிக்கும் காற்றிற்கு இது பெரிதும் குறைந்ததன்று. எரிந்த பின் வெளிவரும் கரியமில வாயு 2.3 கிலோ. எண்ணெயின் எடையைவிட அதிலிருந்து பிறக்கும் வாயுவின் எடை எவ்வாறு மிகும் என்று மாணவர் கேட்பதுண்டு. காற்றிலுள்ள பிராணவாயுவும் அதனுடன் சேர்ந்துவிடுவதே காரணம். இத்தனையும் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் சக்கரங்களைச் சென்றடைவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மிகுந்தால் கால் பங்கு. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடுகின்றது. பொறியின் இயல்பான இந்த இழப்பை ஓட்டுபவரால் தவிர்க்க முடியாது. இதற்கு மேலும் இழக்கப்படுவதே நம் ஆராய்ச்சிக்குரியது. அதில் ஒரு பகுதி தட்பவெப்பத்தால் வருவது. மற்றொரு பகுதி நம் பழக்கத்தால் வருவது.

கோடையில் பெட்ரோல் அதிகம் செலவாவதற்கு வெயிலே காரணம் என்று நாம் அனைவரும் எண்ணுகிறோம். உண்மை சற்று வேறானது. வெப்பம் எஞ்சினுக்குப் பகையன்று. வெப்பமான பகுதியில் எஞ்சின் விரைவில் தன் நிலையை அடைகின்றது. எண்ணெய் இளகி உராய்வு குறைகின்றது. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்ததாதலால் ஓடும் காரை எதிர்க்கும் தடையும் சிறிது குறைகின்றது. குளிர்நாடுகளில் இவையாவும் தலைகீழ். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நகருக்குள் குறுகிய தூரம் ஓடும் பெட்ரோல் கார், 25 பாகை செல்சியஸில் கொடுக்கும் மைலேஜைவிட உறைநிலைக்குக் கீழே 7 பாகையில் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவே கொடுக்கும். ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓடினால் குறைவு 24 விழுக்காடு வரை செல்லும். எண்ணெய் தடித்துவிடும்; டயரில் காற்றழுத்தம் இறங்கும்; கண்ணாடியில் படிந்த பனியை உருக்கவும் ஆற்றல் வேண்டும். அந்நாடுகளில் குடியேறிய நம் பிள்ளைகள், புறப்படுவதற்குக் கால்மணி நேரம் முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவதைக் காண்கிறோம். இன்றைய எஞ்சின்களுக்கு அது தேவையன்று. அரை நிமிடம் ஓடவிட்டு, மெல்லப் புறப்பட்டாலே போதும், ஓடும்போதுதான் விரைவாகச் சூடேறும் என்பதே அத்துறை கூறும் அறிவுரை.

நம் தமிழகத்தில் நிலைமை வேறு. வந்தவாசி, போளூர், ஆரணிப் பகுதிகளில் அக்கினி நட்சத்திர நாட்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்திற்குள் வெளியை விட 20 பாகைக்கு மேலும் கூடிவிடும். அதைக் குளிர்விக்க ஏ.சி. இயந்திரம் எஞ்சினிடமிருந்தே ஆற்றலைப் பெறுகின்றது. மிகு வெப்பத்தில், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், இதனால் மைலேஜ் 25 விழுக்காட்டுக்கு மேலும் குறையக்கூடும். அஃதாவது, கோடையில் கூடுதலாகப் பெட்ரோல் குடிப்பது வெயில் அன்று. வெயிலைப் பொறுக்கமாட்டாத நம் உடம்பு. அதற்காக ஏ.சி.யே கூடாது என்பது நம் கருத்தன்று. நிழலில் வண்டியை நிறுத்துதல், ஏறியவுடன் கண்ணாடிகளைத் திறந்து சிறிது தூரம் ஓட்டி உள்ளே அடைபட்ட அனலை வெளியேற்றுதல், அதன் பின்னரே ஏ.சி.யைப் போடுதல் ஆகியவற்றால் அதன் சுமை எளிதாகும். நகருக்குள் மெதுவாகச் செல்லும்போது கண்ணாடியைத் திறந்து வைப்பது சிக்கனம். நெடுஞ்சாலையில் அவ்வாறு செய்தால் உட்புகும் காற்றே வண்டியைப் பிடித்திழுக்கும்.

காலை வேளையில் குளிர்ந்த பெட்ரோலை நிரப்பினால் அளவு கூடுதலாகக் கிடைக்கும் என்றொரு நம்பிக்கை நம் குடும்பங்களில் உண்டு. பெட்ரோல் நிலையங்களின் தொட்டிகள் நிலத்தடியில் இருப்பதால் காலையும் மாலையும் எண்ணெயின் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. விடியலில் எழுந்ததற்கு வேறு நற்பயன்கள் உண்டு, இது இல்லை. ஆனால் டயரின் காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடிச் சூடேறுமுன் பார்ப்பது சரியான வழக்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025-இல் நாடெங்கும் பரவலாகிவிட்ட, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பே. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதற்காக ஓட்டுநரைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

இனிப் பழக்கத்திற்கு வருவோம். இங்கேதான் நம் சாத்திரம் பேசத் தொடங்குகின்றது.

'பிரமாதம்' என்னும் சொல்லின் விந்தையைக் கவனிக்க வேண்டுகிறோம். இன்றைய தமிழ்ப் பேச்சில் அது பாராட்டுச் சொல். பேரன் காரைச் சீறிக் கிளப்பி, நான்கு வண்டிகளை முந்தி, சிக்னலில் சட்டென்று பிரேக் போட்டு நிறுத்தினால், பின்னிருக்கையிலிருந்து 'பிரமாதம்' என்கிறோம். நம் ஆகமங்களில் அச்சொல்லின் பொருள் கவனமின்மை, விழிப்பின்மை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், உயிர் போக்குதலைத் தனியே சொல்லாமல், விழிப்பற்ற மன மொழி மெய்களின் இயக்கத்தால் உயிர் போக்குதல் என்றே சொன்னார். நாம் அறியாமலே அந்தப் பேரனின் ஓட்டுதலுக்குச் சரியான பெயரைத்தான் சூட்டியிருக்கிறோம்.

ஏன் எனில், சீறிக் கிளம்பும்போது சக்கரங்களைச் சென்றடையும் ஆற்றல் வண்டியின் வேகமாக மாறுகின்றது. வேகம் இரு மடங்கானால் அதில் அடங்கிய ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக்கை மிதிக்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் சக்கரத்தருகில் வெறும் சூடாகிக் காற்றில் கலந்துவிடுகின்றது. எரித்த தீயால் எவருக்கும் பயனில்லை. அநர்த்தம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வகுப்பறையில் காட்ட முடியாது. சீறிக் கிளப்பியும் சட்டென நிறுத்தியும் ஓட்டுவோர், நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடு வரையும், நின்று நின்று செல்லும் நகரச் சாலையில் 10 முதல் 40 விழுக்காடு வரையும் மைலேஜை இழப்பதாக அதே எரிசக்தித் துறை கணக்கிட்டுள்ளது. சென்னையிலிருந்து பொன்னூர் மலைக்குச் சென்று திரும்பும் ஒரு குடும்பம் 240 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓட வேண்டிய வண்டியை 12 மட்டுமே ஓடும்படி ஓட்டினால், 16 லிட்டர் போதுமான இடத்தில் 20 லிட்டர் எரியும். கூடுதலான நான்கு லிட்டருக்காக எரிந்த காற்று 36,000 லிட்டர். குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளை வணங்கச் சென்ற வழியில் இத்தனை.

விரைந்து சென்றதால் நேரமாவது மிஞ்சியதா? 120 கிலோமீட்டரை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஒன்றரை மணி. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி 12 நிமிடம். சாலை முழுதும் தடையின்றி இருந்தால் மட்டுமே இந்த 18 நிமிடம். ஆனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும்.

இதற்கு மாற்று யாது? முன்னோக்கிப் பார்த்து ஓட்டுவதே. தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்தவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், கியரிலேயே வண்டி தானாக வேகம் தணிந்து சேரும். 2000-ஆம் ஆண்டையொட்டிக் கார்ப்யூரேட்டர் மறைந்து வந்த எரிபொருள் தெளிப்பு எஞ்சின்களில், இவ்வாறு காலை எடுத்த நிலையில் பெட்ரோல் செல்வதே அநேகமாக நின்றுவிடுகின்றது; சக்கரமே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். பழைய அம்பாசிடர் காலத்துப் பழக்கத்தால், சவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ இறங்கும்போது நியூட்ரலில் விடுவதைச் சிக்கனம் என்று கருதும் பெரியவர்கள் இன்றும் உளர். இன்றைய காரில் அது செலவு. நியூட்ரலில் எஞ்சின் நின்றுவிடாதிருக்கப் பெட்ரோல் சென்றுகொண்டேயிருக்கும். பிரேக் சூடேறிப் பிடிக்காது போகும் ஆபத்து வேறு.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. நான்கு முழ அளவு நிலத்தை முன்னே நோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராதவாறு அடிவைத்தல் அது. நடப்பவர்க்கு நான்கு முழம் போதும். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் பதினாறு மீட்டரைக் கடந்துவிடுகின்றது. அவ்வேகத்தில் செல்பவர் நோக்க வேண்டிய தூரம் எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். ஈரியா சமிதி துறவியர்க்குரியது என்பது உண்மை. எனினும் தொலைநோக்கிக் காலை எடுக்கும் அதே கண்தான் சாலையைக் கடக்கும் நாயையும் அணிலையும் பார்க்கின்றது. மழை பெய்த மாலையில் விளக்கொளியை நாடி வரும் ஈசல்கள், வேகமாகச் செல்லும் வண்டியின் கண்ணாடியில் அப்பி அழிகின்றன. இவை ஓரறிவுயிர்கள் அல்ல, இயங்கும் உயிர்கள், நம் அணுவிரதத்தின் எல்லைக்குள்ளேயே வருபவை. இரவுண்ணாமையைக் காக்கும் நம் குடும்பங்கள், இரவுப் பயணத்தையும் இயன்றவரை தவிர்ப்பதற்கு இது ஒரு காரணமாகலாம். பெட்ரோலைக் காக்கும் விழிப்பும் ஈசலைக் காக்கும் விழிப்பும் வெவ்வேறல்ல என்பதே நாம் சொல்ல விழைவது.

எனினும் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சிக்கனம் வேறு, அறம் வேறு. எரிபொருளைச் சேமிப்பதையே குறியாகக் கொண்டு, எண்பது வயது மாமியாரை வைகாசி வெயிலில் ஏ.சி. போடாமல் அழைத்துச் செல்வது விரதமாகாது. அவருக்காக எரிவது பயனுள்ள தீ. இதைவிட நாம் அதிகம் காண்பது வேறொன்று. திருமண மண்டபத்திற்குள் நாம் அமர்ந்திருக்க, வாசலில் ஓட்டுநர் இரண்டு மணி நேரம் ஏ.சி.யை ஓடவிட்டு வண்டிக்குள்ளேயே அமர்ந்திருப்பார். நின்றபடி ஓடும் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கலாம். வெளியே வந்து பார்த்த உரிமையாளர் அவரைச் சினந்து, "எஞ்சினை நிறுத்து" என்கிறார். எஞ்சினை நிறுத்தினால் அவர் எங்கே அமர்வது? நடுப்பகலில் இரும்புக் கூட்டுக்குள்ளா? வினை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வழியாலும் வந்து சேரும் என்பது நம் சாத்திரம். அவரை வெயிலில் வைத்தவர் நாமே. எஞ்சின் ஓடியதும் நம்மாலேயே. அவரை உள்ளே அழைத்து, மின்விசிறியின் கீழ் ஒரு நாற்காலி கொடுத்து, நம் பந்தியிலேயே உணவும் இடச் செய்தால், பெட்ரோலும் மிஞ்சும். அதைச் செய்யாமல் பெட்ரோலை மட்டும் மிச்சம் பிடிப்பதில் கருணையும் இல்லை, விரதமும் இல்லை.

மிச்சம் பிடித்ததை என்ன செய்கிறோம் என்பதும் கேட்கத்தக்கதே. 1865-இல் ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் நிலக்கரியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நீராவி இயந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக, நாட்டில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, பெருகியது என்று அதில் காட்டினார். குறைந்த செலவில் ஓடுவதால் எல்லாரும் மேலும் மேலும் ஓட்டினர். இன்று நல்ல மைலேஜ் தரும் கார் வாங்கியவர், அதனாலேயே அடுத்த தெருவிலுள்ள ஜினாலயத்திற்கும் காரில் செல்கிறார். எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் அந்த அரை கிலோமீட்டர், மைலேஜிலேயே மிக மோசமான அரை கிலோமீட்டர். மின்சாரக் கார் வாங்கியவர்க்கும் இது பொருந்தும். ஆகவேதான் போலும், ஆசாரியர்கள் பயனின்மையைத் தடுக்கும் விரதத்தோடு நிற்காமல், செல்லும் திசைக்கும் தூரத்திற்கும் எல்லை வகுக்கும் திக் விரதத்தையும் குணவிரதங்களுள் சேர்த்தனர். ஒரு நாளைக்கு, ஒரு மாதத்திற்கு என அவ்வெல்லையை மேலும் சுருக்கிக்கொள்ளத் தேசாவகாசிகமும் உண்டு. நம் பாட்டிமார் மழைக்காலத்தில் ஊர் எல்லை தாண்டமாட்டேன் என்று விரதம் ஏற்றபோது எவருடைய மைலேஜையும் எண்ணவில்லை.

முடிவாக, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். முனிவர் பெருமக்கள் நம் ஊர்ப் பக்கம் விகாரம் வரும்போது, வெறுங்காலுடன் அவர்கள் நடக்க, பின்னால் பக்தர்களின் கார்கள் வரிசையாக ஊர்ந்து வருகின்றன. கண்ணாடிகள் ஏற்றப்பட்டு, உள்ளே குளிர்காற்று வீசுகின்றது. முதல் கியரில், மனிதர் நடக்கும் வேகத்தில், மூன்று மணி நேரம். பத்துக் கார்கள் எனக் கொண்டால், மணிக்கு ஒரு லிட்டர் என்றாலும் 30 லிட்டர். அவ்வளவு பேரையும் ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து அதே பதினைந்து கிலோமீட்டரைக் கடக்க நான்கு லிட்டர் டீசல் போதும். ஈரியா சமிதியைக் காத்து ஒவ்வோர் அடியையும் நோக்கி வைக்கும் ஒருவர்க்குப் பின்னால் நாம் இவ்வாறு செல்கிறோம்.

பாதுகாப்பு என்னும் காரணத்தை நாம் மறுக்கவில்லை. சாலையில் நடந்து சென்ற துறவியர் வாகனம் மோதி உயிர் நீத்த செய்திகளை நாளிதழ்களில் படித்து வருந்தியிருக்கிறோம். பின்னால் விளக்கெரிய ஒரு வண்டி வருவது தேவையே, அது பயனுள்ளது. ஆகாரம் தயாரிக்கும் குடும்பத்தார் முன்னதாகச் சென்று சேர ஒரு வேன் வேண்டும். நடக்க இயலாத முதியோர்க்கு அதிலேயே இடம் உண்டு. இளையோர் ஐந்து கிலோமீட்டராவது உடன் நடக்கலாம். அவர்களுடைய வண்டிகளைத் தங்குமிடத்தில் நிழல் பார்த்து முன்னரே நிறுத்திவிடலாம். வரும் சாதுர்மாசத்திற்கு முன்னர் எஞ்சிய எட்டுக் கார்களைப் பற்றி அந்தந்த ஊர்ச் சங்கத்துப் பெரியோர் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டுமென வேண்டுகிறோம்.